ஏசி கம்: சான்பாடாவிலிருந்து செம்பூருக்கு ஒரு மழைக்காலம்

அன்று அத்தையிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "சாமுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அத்தை."

இந்தப் பக்கத்தில் வழக்கமாக மலைக்கோட்டைகளுக்கும் அருவிகளுக்கும் போய்வந்த கதைகளை எழுதுவேன். இந்த ஜூலையில் நான் போன வழி ஒன்றுதான்: சான்பாடாவில் எங்கள் வீட்டிலிருந்து செம்பூரில் ஒரு மருத்துவமனை வரை. என் கணவர் சாமுக்கு மூளையில் தொற்று. காய்ச்சல் என்று படுத்தவர், மறுநாள் காலை வலிப்பு வந்து நினைவிழந்தார். ஊரிலிருந்து நோயாளியோடு மும்பைக்கு வருகிறவர்கள் அவ்வப்போது வழி கேட்டு எனக்கு எழுதுவதுண்டு. அவர்களுக்காகவும், நன்றியை எங்காவது எழுதி வைக்கவேண்டும் என்பதற்காகவும் இது. மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருவருக்குக் குணமான இடம் எல்லோருக்கும் அப்படியே அமையும் என்று நான் உறுதி சொல்ல முடியாது.

சான்பாடாவிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் ஏறினால் வாஷி, மான்குர்த், கோவண்டி, பிறகு செம்பூர். இருபது நிமிடம், பத்து ரூபாய். காலை எட்டு மணிக்கு மேல் பெண்கள் பெட்டியில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. ஐசியூவில் பார்வை நேரம் பதினொன்றிலிருந்து அரை மணி நேரம் என்பதால் நான் பத்து மணி வண்டியில் போவேன். வாஷி பாலத்தில் வண்டி ஏறும்போது பெட்டியில் பேச்சு கொஞ்சம் குறையும். கீழே சாம்பல் நிறத்தில் கடல். அதைப் பார்த்துக்கொண்டே, டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை மனதில் அடுக்கிக்கொள்வேன். போய்ச் சேர்ந்ததும் பாதி மறந்துவிடும்.

நான் சொல்லும் நாளில் விடியற்காலையிலிருந்தே கொட்டியது. மான்குர்த்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தில் தண்ணீர். பலரோடு நானும் இறங்கி வெளியே ஓடி ஆட்டோ தேடினேன். முதல் மூன்று பேர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நான்காமவர் செம்பூர் என்றதும் முகத்தைச் சுளித்தார். மருத்துவமனையைச் சொன்னதும், "கௌன் ஹை உதர்?" என்று, அங்கே யார் இருக்கிறார்கள் எனக் கேட்டார். "மேரே ஹஸ்பெண்ட். ஐசியூ" என்றேன். "பைட்டோ, பைட்டோ" என்று உட்காரச் சொல்லி மீட்டரைப் போட்டார். முழங்கால் தண்ணீரில் வண்டி இருமியபோது, "ஏ ராணி, ஆஜ் நஹீ", இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று தன் ஆட்டோவையே கெஞ்சினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. தாராவியிலிருந்து பஸ்ஸில் வரும் என் மாமியார் எஸ்தர் அத்தை எனக்கு முன்பே உள்ளே போய் வந்திருந்தார். ஐசியூ வாசலில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏ பிள்ள, நனஞ்சிட்டு வந்திருக்கியே. தலையத் தொவட்டு மொதல்ல" என்றார். பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "அவனுக்கு எழுத்து தெரியலட்டி. நான் எழுதிக் காட்டுனேன், முழிச்சி முழிச்சிப் பாக்கான். டாக்டர் இன்னொரு ஸ்கேன் எடுக்கணுங்காரு. மூளையில வாசிக்கிற எடத்துல அடி பட்ருக்குமோன்னு சந்தேகமாம்."

நடந்தது இது. மயக்க மருந்தை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. கழுத்தில் சுவாசக் குழாய் இருந்ததால் சாமால் பேச முடியாது. கைகளில் பலமில்லை. கண்ணை மூடச் சொன்னால் மூடுவார், அவ்வளவுதான். சொன்னதைச் செய்கிறவர், தானாக யோசிக்கிறாரா என்று டாக்டர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு ஓர் எழுத்து அட்டை வைத்திருக்கிறார்கள். நர்ஸ் வரிசை வரிசையாக விரல் வைக்க, நோயாளி சரியான எழுத்தில் கண் சிமிட்ட வேண்டும். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் அட்டை தயாராக இருந்தது. ஆனால் கண் விழிக்கிறவருக்கு வீட்டு மொழி முதலில் எட்டும் என்று நர்ஸ் நினைத்து, வீட்டில் என்ன மொழி என்று அத்தையிடம் கேட்டிருக்கிறார். தமிழ் என்றதும் ஒரு வெள்ளை அட்டையையும் மார்க்கரையும் கொடுத்திருக்கிறார்.

அத்தை தாராவியில் ஒரு கிறிஸ்தவ சபையில் இருபது வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். அந்தச் சந்துகளில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்கியவர். அவர் கையெழுத்தைக் குறை சொல்லவே முடியாது.

சாம் ஆங்கில மீடியத்தில் படித்தவர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ் மணக்க மணக்கப் பேசுவார். கோயில் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்று ஒரு சொல் தவறாமல் பாடுவார். எல்லாம் மனப்பாடம். திருமணமான வருடம், நான் எழுதிய ஒரு கட்டுரையைக் கொடுத்தபோதுதான் தமிழ் வாசிக்க வராது என்று என்னிடம் சொன்னார். "அம்மாட்ட மட்டும் சொல்லிராத. ஊருக்கே சொல்லிக் குடுத்தவ, எம்மவனுக்குச் சொல்லிக் குடுக்கலையேன்னு உக்காந்து அழுவா." என்னைப்போல நாகர்கோவிலில் படித்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். மும்பைத் தமிழ் வீடுகளில் இது சாதாரணம்.

"கொஞ்சம் இருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு ஐசியூ மணியை அழுத்தினேன். வந்தவர் அந்த நர்ஸ்தான். சிஸ்டர் வைசாலி என்று வைத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாம் முழு மயக்கத்தில் கிடந்த நாட்களிலும், திருப்பிப் படுக்க வைக்கும் முன், ஊசி போடும் முன், சாமின் பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்வார். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

அவரிடம் தாழ்ந்த குரலில் ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன்.  "அரே பாப்ரே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "என் பையனுக்கும் மராத்தி வாசிக்க வராது. அவனும் இங்கிலீஷ் மீடியம்தான்" என்றார். பிறகு அத்தை இருந்த பக்கம் பார்த்தார். "அவங்களுக்குத் தெரியாதா?" தெரியாது என்றேன்.

பார்வை நேரம் முடிந்திருந்தும் எங்கள் இருவரையும் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார். ஆங்கில அட்டையை அவர் எடுத்ததும் அத்தை, "கியூ சிஸ்டர்? மேரா லிக்காவட் டீக் நஹீ?" என்று தன் எழுத்துக்காகக் கவலைப்பட்டார்.

"பஹுத் அச்சா ஹை, ஆன்ட்டி. லேகின் டாக்டர் கோ தமிழ் நஹீ ஆதா நா."

அத்தை என் பக்கம் திரும்பினார். "அதுஞ்சரிதான். டாக்டருக்குத் தமிழ் வராதுல்லா. பாவம், எந்த ஊர்க்காரரோ."

சிஸ்டர் அட்டையை சாமின் முகத்துக்கு நேரே பிடித்து வரிசை வரிசையாக விரலை நகர்த்தினார்.  முதல் எழுத்து ஏ. கண் சிமிட்டினார். அடுத்து சி. தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு கே. ஏ. எம்.

"ஏசி கம்" என்று சிஸ்டர் படித்தார். ஹிந்தியில் கம் என்றால் குறைவு; ஏசியைக் குறைக்கச் சொல்கிறார். "குளிருதா சாம்?" என்று நான் கேட்டேன். இமைகள் மூடித் திறந்தன. சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். போகிற வழியில் ஒரு போர்வையை எடுத்து ஆயாவிடம் எறிந்தார்.

"என்னட்டி சொல்லுதான்?" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குளிருதாம் அத்தை."

"சின்னதுலயே அப்படித்தான். ஃபேனே போட உடமாட்டான்" என்று சொல்லி அழுதார். டாக்டர் வந்து மறுபடி செய்து பார்த்தார். "படிக்கிறார், யோசிக்கிறார், குறையும் சொல்கிறார்" என்றார் ஆங்கிலத்தில்.

இனி இந்த வழியில் வரப்போகிறவர்களுக்கு. ஊரிலிருந்து வருகிறவர்கள் மாட்டுங்காவில் அறை எடுங்கள். காலையில் இட்லியும் மத்தியானம் ரசமும் கிடைக்கும், பக்கத்தில் தமிழ் பேச ஆள் இருக்கும். அங்கிருந்து செம்பூருக்கு, குர்லாவில் இறங்கி ஹார்பர் வண்டி மாற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுச் செருப்பு எடுத்துப் போங்கள். ஐசியூவில் இருப்பவர் எந்த மொழியில் பேசுவார், எந்த எழுத்தில் வாசிப்பார் என்பதை முதல் நாளே நர்ஸிடம் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியையும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்கும் சின்னக் கேள்விகளுக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள். நோயாளியை ஒரு மனிதராக அறிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள்.

சாம் ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்கு வந்தார். பேசுகிறார், நடக்கிறார். வலது கை மட்டும் இன்னும் முழுதாகத் தேறவில்லை. மருத்துவமனையில் இருந்த நாட்கள் எதுவும் அவருக்கு நினைவில்லை. மறு பரிசோதனைக்குப் போன அன்று ஐசியூ வாசலுக்கு அவரை அழைத்துப் போனேன். சிஸ்டர் வைசாலி வெளியே வந்தார். சாமுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சிஸ்டர் தன் பெயரைச் சொல்லிக் கை நீட்டினார். சாம் இடது கையைக் கொடுத்தார்.