நடுங்காத கோடு

பிள்ளைகள் காலணிக்குள் மிட்டாய் தேடும் புனித நிக்கோலஸ் திருநாளன்று காலையில் நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். டான்யூப் கரை முழுவதும் பனிமூட்டத்தில் மிதந்தது. பேருந்து ஏறுமுன் சம்ஃபீரா சித்தியிடம் விடைபெறப் போனேன். ஊரைச் சூடாக வைத்திருக்கும் கொதிகலன் நிலையத்தில், இருபது வருடமாக அழுத்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

திரையில் அழுத்தக் கோடு ஆறு என்ற எண்ணில் நேராகக் கிடந்தது.

“எவ்ளோ அழகா நிக்குது பாரு!” என்றார் மேற்பார்வையாளர் திபேரியு.

“உயிருள்ள அழுத்தம் நடுங்கும், தலைவரே. இது பொய் சொல்லுது. கொதிகலனை நிறுத்துங்க,” என்றாள் சித்தி.

“இந்தக் குளிர்லயா? ஊரே என்னைக் கொன்னுடும். வெளிய இருக்கற கருவியைப் போய்ப் பாரு. நீ சொன்னது தப்புன்னா நாளைலேருந்து வேலைக்கு வராதே!”

சித்தி வெந்நீரோடு வெளியே போனாள். நானும் போனேன். சுவரோரம் கையளவு உலோகப் பெட்டி. கொதிகலனின் அழுத்தம் மெல்லிய குழாயில் நிற்கும் தண்ணீர் வழியே வந்து, பெட்டிக்குள் தாள்போன்ற உலோகச் சவ்வை அமுக்கும். சவ்வுக்குப் பின்னாலுள்ள எண்ணெய் அதை உணரிக்குக் கடத்தும். மின்சுற்று அதை மின்னோட்டமாக்கித் திரைக்கு அனுப்பும். குழாய்த் தண்ணீர் உறைந்துவிட்டால், பெட்டி பழைய அழுத்தத்தையே கனவு கண்டுகொண்டிருக்கும்.

சித்தி குழாயில் துணி சுற்றி வெந்நீர் ஊற்றினாள். வெண்ணிற ஆவி அவளை மெல்ல விழுங்கியது.

“பஸ் போயிடும், ஓடுடி!” என்று அதற்குள்ளிருந்து குரல் வந்தது. ஓடினேன்.

மூன்று மாதம் கழித்து, தொலைதூரப் பத்தூமி நகரில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தியிடமிருந்து செய்தி வந்தது.

“அன்னிக்கு என்ன ஆச்சுன்னு நீ கேக்கவேயில்ல. குழாய்ல உறைஞ்சது உருகினதும் கோடு ஆறுலேருந்து எட்டரை வரைக்கும் ஏறிடுச்சு, ஆபத்தான அளவு. திபேரியுவே ஓடிப்போய் கொதிகலனை நிறுத்தினாரு. ரெண்டு மணி நேரம் ஊரே எங்களைத் திட்டுச்சு. என் வேலை போகல.”