வாசல் வரை வந்த வண்டி நம்பர்

வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. பாரத்தோடு மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கி வருகிறவன் எவ்வளவு பெரிய மனிதனானாலும் ஒதுங்கி நிற்க வேண்டும். குட்டியானை வண்டியில் சிமெண்டு மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்த ஜூலியா, எதிரே வந்த வெள்ளைக் காருக்கு வழி விடாததற்குக் காரணம் இதுதான். கார்க்காரன் ஹாரனை அழுத்தினான், கண்ணாடியை இறக்கித் திட்டினான். அவள் இன்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். கடைசியில் அவன்தான் காரைப் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றிப்போய் ஒதுங்கினான்.

மூன்றாம் நாள் அவன் வடக்கனந்தலில் ஜூலியாவின் வீட்டு வாசலில் நின்றான்.

ஜூலியாவுக்கு முப்பத்தாறு வயது. அப்பா சேவியர்ராஜ் பண்ணை வீட்டில் டிராக்டர் ஓட்டியவர். உழவு வயலிலேயே மகளுக்கும் ஸ்டியரிங்கைக் கொடுத்துப் பழக்கினார். அவர் போய்ச் சேர்ந்தார், கட்டிக்கொண்டவன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவே இல்லை. சரிதான் போடா என்று அவள் வண்டி வாங்கினாள். மலைக்கு மளிகையும் சிமெண்டும் ஏற்றிப் போவாள், இறங்கும்போது சின்னசேலம் பக்கத்து சவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி கொண்டுவருவாள். வண்டி ஸ்டாண்டில் சேர்ந்த புதிதில், இவள் மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்ட மாட்டாள் என்று பேசிக்கொண்டவர்கள், ஆறு மாதத்தில் அவளிடமே பிரேக் சரிபார்க்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டு வாசலில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்தக் கார் வந்து நின்றது. அவன் கையை நீட்டவில்லை, வாயைத் திறந்து வம்பு பேசவில்லை. நிற்பான், பார்ப்பான், போவான். பக்கத்து வீட்டில் "சேவியர்ராஜ் பொண்ணு வூடு இதானே?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். அப்பன் பெயர் வரைக்கும் எவன் சொன்னது? செல்போனில் வண்டி நம்பரைத் தட்டினால்கூடச் சொந்தக்காரர் பெயர் பாதி மறைந்துதான் வருகிறது.

போலீசில் சொன்னாள். கார் நம்பரை வைத்து அவனைக் கூப்பிட்டார்கள். வந்தவன் கூசாமல் சொன்னான்: "அந்தப் பொண்ணேதான் சார் அட்ரஸ் குடுத்து வரச் சொல்லுச்சு."

விசாரித்த ஏட்டு ஜூலியாவைப் பார்த்தார். "வேற எப்டிம்மா அவருக்குக் கெடச்சிருக்கும்? நீ குடுக்கலன்னு ஏதாச்சும் காயிதம் கொண்டா. கேஸ் எழுதிக்கிறேன்."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் அந்தப் பேச்சு கோயில் வரை போய்விட்டது. அம்மா செபஸ்தியம்மாள் அழவில்லை, அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள்.

"வண்டிய வித்துடு. சங்கராபுரத்துல ஆள் சொல்லி வெச்சிருக்கேன். ஈஸ்டருக்கு அப்புறம் நீ ரோட்ல இருக்கக் கூடாது."

"நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணியோ இல்லியோ, அவன் வந்து நிக்கிறான்ல."

ஸ்டாண்டில் மூத்தவர் பழனி ஒரு வழி சொன்னார். "உன் அட்ரஸ் வண்டிப் பதிவு ஆபீஸ்லேந்துதான் போயிருக்கும் ஜூலியா. யார் வாங்கினு போனாங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளு. பதில் குடுத்தே ஆவணும்."

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி அவளே எழுதினாள். என் வண்டியின் பதிவு விவரத்தை எந்தத் தேதியில், யார் மனுப் போட்டு, என்ன காரணம் சொல்லி வாங்கினார்? அந்த மனுவின் நகல் வேண்டும். எந்த ஊர் ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். எல்லா ஊர் ஆபீசுக்கும் ஒரே சுவர்தான். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: 'தாங்கள் கோரும் தகவல் மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம் என்பதால் வழங்க இயலாது.'

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மேய்ந்த மாட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறதாம். ஜூலியா மேல்முறையீடு போட்டாள். ஈஸ்டருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

மேல்முறையீட்டு அலுவலர் சாந்தமான ஆள். "ஒருத்தரோட சொந்த விவரத்த இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாதும்மா. சட்டம் ஓட்டுநருங்க நல்லதுக்குத்தான் இருக்கு."

"நானும் ஓட்டுநர்தான் சார். என் வூட்டு நம்பரு வெளிய போறப்போ அந்தச் சட்டம் எங்க போச்சு? வாங்கினவன் அட்ரஸ் எனக்கு வாணாம், போன் நம்பரு வாணாம். கவர்மெண்டு அந்தக் காயிதத்த எவன் கையில குடுத்துது, அத மட்டும் சொல்லுங்க."

அவர் எழுத்தர் ராதிகாவிடம் கோப்பைக் கேட்டார். அதுவரை அந்தக் கோப்பை யாரும் திறந்தே பார்க்கவில்லை. கேள்வியை மட்டும் படித்துவிட்டு 'இயலாது' என்று எழுதியிருந்தார்கள். அவர் உள்ளே இருந்த, வண்டி விவரம் கேட்ட மனுவைப் புரட்டினார், கீழே பார்த்தார், சிரித்துவிட்டார்.

"மூன்றாம் நபர் நீங்கதாம்மா. மனுப் போட்டது நீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

அவள் கையெழுத்துதான். சேவியர்ராஜ் பெயரைச் சேர்த்துப் போட்ட நீளக் கையெழுத்து.

ஸ்டாண்டில் எல்லோரும் செய்கிற காரியம் அது. எப்.சி., பர்மிட், பெயர் மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் நடந்தால் ஒரு நாள் சவாரி போய்விடும். அதனால் ஒன்றும் எழுதாத மனுத்தாள்களில் நாலைந்து கையெழுத்தைப் போட்டு ஏஜெண்ட் வெங்கடேசனிடம் கொடுத்து வைப்பார்கள். வெங்கடேசன் தேவைப்படும்போது நிரப்பிக்கொள்வான். ஜூலியாவும் ஆறு தாளில் போட்டுக் கொடுத்திருந்தாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்ட கதை. கார்க்காரன் சொன்ன பொய்க்கு அவள் கையெழுத்தே சாட்சியாகி நிற்கிறது.

அலுவலர் குரலைத் தணித்தார். "வெத்துத்தாள்ல கையெழுத்துப் போட்டீங்கன்னு வெளிய வந்தா உங்களுக்குத்தான் அசிங்கம். மேல்முறையீட்ட வாபஸ் வாங்கிக்குங்க. இதோட முடிச்சுக்கலாம்."

ஜூலியா எழுந்து நின்றாள். மேசை மேல் குனிந்து கடைசி வரியைப் படித்தாள். 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் வெங்கடேசன் கையெழுத்தும் அவன் வீட்டு முகவரியும் போன் நம்பரும் இருந்தன.

"வாபஸ் வாங்க மாட்டேன் சார். ஆமா, கையெழுத்து என்துதான். புத்தியில்லாம போட்டுக் குடுத்தேன், அதையும் எழுதிக்குங்க. ஆனா நான் மனுப் போட்டிருந்தா காயிதத்த எங்கிட்டதான குடுத்திருக்கணும்? எவனோ வந்து கைய நீட்டினா, இன்னாத்துக்குக் குடுத்தீங்க? அதையும் எழுதுங்க. நகல் குடுங்க. என் மனுவத்தான் கேக்கிறேன், இப்போ எந்த மூணாம் ஆளும் இல்ல."

அவர் ராதிகாவிடம் நகல் எடுக்கச் சொன்னார். நகல் வந்தது, முத்திரையோடு.

ஏட்டு அதைப் படித்துவிட்டு வெங்கடேசனைக் கூப்பிட்டார். கார்க்காரன் கேட்டுத்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று அவன் அரை மணி நேரத்தில் கக்கிவிட்டான். வழக்கு பதிவானது. கார் அதன் பிறகு தெருப்பக்கம் வரவில்லை. செபஸ்தியம்மாள் சங்கராபுரத்து ஆளுக்குத் தானே போன் போட்டு, "வண்டி விக்கிறதுக்கு இல்லிங்க, எம் பொண்ணு ஓட்டுது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜூலியா அத்தோடு விடவில்லை. நகலை ஸ்டாண்டு போர்டில் ஒட்டப் போனாள். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு மார்க்கர் வாங்கி, தன் வீட்டு எண்ணையும் தெருவையும் போன் நம்பரையும் அடித்தாள். கையெழுத்தை அடிக்கவில்லை. பழனி தடுத்துப் பார்த்தார்.

"உன் தப்பும் சேந்து தெரியுமே ஜூலியா."

"தெரியட்டும்ணா. நாளைக்கு நீங்க எல்லாரும் போய் வெங்கடேசங்கிட்ட இருக்கிற உங்க தாளத் திருப்பி வாங்கணும். எங்கையெழுத்தப் பாக்காம எப்டி வாங்குவீங்க?"

மறுநாள் காலை பதினாறு டிரைவர்கள், ஜாமீனில் வந்திருந்த வெங்கடேசனின் கடை வாசலில் நின்றார்கள். கட்டுக் கட்டாகத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் நேராக ஸ்டாண்டுக்கு வந்தான். ஜூலியா மூட்டைக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜூலியாம்மா, எம் பேர மட்டும் அடிச்சுடு. எம் பொண்ணு இந்த வழியாத்தான் காலேஜுக்குப் போவுது. மனுசனுக்கு அந்தரங்கம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"போர்டப் போய்ப் பாத்தியா?"

அவன் போய்ப் பார்த்தான். அவன் வீட்டு எண், தெரு, போன் நம்பர் எல்லாவற்றின் மேலும் மார்க்கர் கறுப்பாக, இரண்டு தடவை ஓடியிருந்தது. தன்னுடையதை அவள் ஒரு தடவைதான் அடித்திருந்தாள்.

"உன் வூட்டு வாசல்ல எவனும் வந்து நிக்க மாட்டான்" என்றாள் ஜூலியா. "அது உம் பொண்ணுக்காக. பேரு இருக்கும். அது எங்களுக்காக."

கயிற்றின் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, மலைக்கு வண்டியை எடுத்தாள்.