ஞானசௌந்தரி அக்காவின் மாத்திரைக் கவர்

சேலையூர் கேம்ப் ரோட்டில் இருபத்திரண்டு வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். எங்கள் சர்ச்சிலிருந்து எருசலேம் யாத்திரை போகிறவர்களுக்கெல்லாம் மாத்திரை என் கடையிலிருந்துதான். ஆனால் அவர்கள் வாங்கி வரும் ஒலிவ எண்ணெயும் பேரீச்சம்பழமும் ஞானசௌந்தரி அக்கா வீட்டுக்குத்தான் போகும். எனக்கு வயிறு எரியும்.

அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ்; ஒவ்வொரு யாத்திரைக்கும் குழுவோடு துணைக்குப் போவார். யாத்திரைக்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு காகிதக் கவர் கொடுப்பார். உள்ளே உப்புச்சர்க்கரைப் பொடி, பேதியை நிறுத்தும் மாத்திரை, டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக். மாத்திரை இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருப்பார்.

"ஒண்ணு வாசல மூடும், இன்னொண்ணு உள்ள பூந்தவன அடிக்கும். திருடன உள்ள வச்சு வாசல மட்டும் மூடாதீங்க. காய்ச்சலோ ரத்தமோ இருந்தா, நிறுத்துற மாத்திரையத் தொடாம என்கிட்ட வாங்க."

சரக்கு என்னுடையது, ஸ்டேப்ளர் பின் மட்டும் அந்தம்மாவுடையது. பேர் முழுக்க அவருக்கு.

போன வருடம் நானும் யாத்திரை போனேன். கவரை நீட்டினார். "எனக்கெதுக்குக்கா, கடையே என்னுது" என்றேன்.

கெய்ரோவில் தெருவோரம் கரும்புச்சாறு குடித்தேன். மறுநாள் விடிந்ததும் ஏழு தடவை ஓட்டம், உடம்பு அனலாய்க் கொதித்தது. பஸ் சீனாய் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. கடையில் அவசரமென்று வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பழக்கத்தில், பையில் கொண்டுவந்திருந்த நிறுத்தும் மாத்திரையை மட்டும் நாலு விழுங்கினேன். ஓட்டம் நின்றது. மதியத்துக்குள் வயிறு பானையாக உப்பி, சீட்டில் சுருண்டுவிட்டேன்.

அக்கா வந்து நெற்றியைத் தொட்டார். "எத்தன போட்ட?"

"நாலு."

திட்டுவார் என்று நினைத்தேன். மீதி அட்டையை என் பையிலிருந்து எடுத்துக்கொண்டார். தாம்பரத்து டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்தார். உப்புச்சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். விசாரித்தவர்களிடம், "அவருக்கு பஸ் ஒத்துக்கல" என்று முடித்துக்கொண்டார். கடைக்காரன் மானம் தப்பியது.

திரும்பி வந்த ஞாயிறு, யாத்திரை போனவர்கள் சாட்சி சொல்வது எங்கள் சர்ச் வழக்கம். மைக் என்னிடம் வந்தது. அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தார்.

"வழியில சரீர பலவீனம் வந்துச்சு. ஆண்டவர் சுகம் கொடுத்தார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அக்கா பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அக்காவும் சொன்னார்.

போன வாரம் அடுத்த யாத்திரைக்கான டாக்டர் சீட்டுகளோடு கடைக்கு வந்தார்.

"லாசரஸ், இந்தத் தடவ கவர் மேல உன் கடை சீலக் குத்திடு. யார் குடுத்ததுன்னு ஜனங்களுக்குத் தெரியணும்ல?"

நாற்பது கவரிலும் குத்தினேன். ஒலிவ எண்ணெய்க்காகப் பட்ட பொறாமை பெரிதில்லை. இப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டுமே, அது எனக்கில்லாமல் அந்தம்மாவுக்கு வாய்த்திருக்கிறதே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.