எட்டுக்கு ஒன்று

என் சகலை டைல்ஸ் ஒட்டுபவர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. வாசலில் நின்று கூடத்தை ஒரு பார்வை பார்ப்பார், "முப்பத்தோரு பெட்டி" என்பார். வேலை முடியும்போது ரெண்டு கல்கூட மிஞ்சாது. நான் வணிகவியல் பட்டதாரி. பதினேழை ஆறால் பெருக்கக் கால்குலேட்டரைத் தேடுவேன். "அக்கா வீட்டுக்காரர் மூளையே மூளை" என்று என் மனைவி சொல்லாத வாரமில்லை. எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்?

ஞாயிறு மதியம் ஹார்டுவேர் கடை மாடியில் நாங்கள் ஆறு பேர் போக்கர் ஆடுவோம். ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து மேசையில் படிப்படியாக விரியும். அங்கும் அதே மூளைதான். ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர இன்னும் ஒன்று தேவை, வரவேண்டியதும் ஒரே சீட்டு என்றால், தனக்கு உதவும் சீட்டு எத்தனை பாக்கி என்று எண்ணுவார். கண்ணில் படாத நாற்பத்தாறில் ஒன்பது. அப்படியானால் நாலு தடவை தோற்றால் ஒரு தடவை வரும். நடுவில் கிடக்கும் பணம், தான் போடவேண்டியதைப்போல நாலு மடங்குக்கு மேல் இருந்தால் போடுவார். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு டீ குடிப்பார். இதெல்லாம் மூச்சு விடும் நேரத்தில்.

ஏழு வாரம் தொடர்ந்து தோற்றேன். குளியலறையில்கூட மனக்கணக்குப் போட்டுப் பழகினேன். "இந்த ஞாயிறு அவரை ஒரு ஆட்டமாவது ஜெயிக்கலன்னா இனிமே சீட்டையே தொடமாட்டேன்" என்று மனைவியிடம் சபதமும் போட்டேன். அவள் சிரித்தாள். அக்காவிடம் சொல்லாமல் இருப்பாளா?

அன்று கடைசியில் மிஞ்சியது நாங்கள் இருவர். என்னிடம் ஒரு ஜோடி ராஜா. மேசையில் நாலு சீட்டு விரிந்திருந்தது, அதில் ரெண்டு ஆர்ட்டின். அதிகம் வைத்து அவரை விரட்டவேண்டிய இடம். பயத்தில் கை நூறுக்கு மேல் போகவில்லை. என் நூறோடு நடுவில் எண்ணூறு; தொடர அவர் நூறு போட்டால் போதும்.

சகலை சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கவிழ்த்தார்.

"சகலையையே சாச்சிட்டீங்களே!" என்று கடைக்காரர் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்துக் கலைக்கும் முறை என்னுடையது. சீட்டுகளைச் சேர்க்கும்போது அவர் கவிழ்த்த ரெண்டையும் திருப்பிப் பார்த்தேன். ரெண்டும் ஆர்ட்டின். மேசையின் ரெண்டோடு நாலு; இன்னொன்று வந்தால் என் ராஜா ஜோடி காலி.

நாலு மடங்கு போதும். எட்டு மடங்கு கிடந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதில் அவர் தப்பு செய்யமாட்டார். நிமிர்ந்தேன். மனுஷர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஆடுனீங்க சகலை" என்றார், படியிறங்கும்போது. அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கணக்கோடு நிற்காமல் விட்டுக்கொடுக்கவும் தெரிந்திருக்கிறதே இந்த ஆளுக்கு!

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். "ஜெயிச்சீங்களாமே! அக்கா போன் பண்ணா. அவரே பெருமையா சொன்னாராம்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அந்தப் பாழாய்ப்போன கணக்கை மட்டும் கற்காமல் இருந்திருந்தால், நானும் சிரித்திருப்பேன்.