உப்புச் சாக்கில் வந்த மண்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு மண் பரிசோதனை நிலையத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். கம்ப்யூட்டர் என்ற பேச்சே எங்கள் பக்கம் எழாத காலம். விவசாயிகள் கொண்டுவரும் மண்ணுக்கு ஓர் எண் கொடுத்து, பெயர், ஊர், சர்வே எண், பயிர் என்று பெரிய பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அதன்பின் சோதனை அறைக்குள் போவது மண்ணும் எண்ணும் மட்டும்தான்.

பதிவேட்டின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அதைச் சீண்டுவதில்லை. நான் விடமாட்டேன். மண் ஈரமா, எந்தப் பையில் வந்தது, எல்லாம் எழுதுவேன். "மண்ணுக்கு ஜாதகம் எழுதுதா இவ" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அதிகாரிக்கோ மை வீணாகிறதே என்ற எரிச்சல். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம்; எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் காலை மாப்பிள்ளையூரணிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். கையில் நாங்கள் அனுப்பிய அறிக்கை. மண்ணில் உப்பு மிக அதிகம், பயிருக்கு ஆகாது என்றிருந்தது.

"இதுல ஒரு சீல் வச்சுத் தாங்கம்மா. ரெண்டு வருசமா பருத்தியும் சரியா வெளையலை. நிலத்தை உப்பளத்துக்காரருக்கு எழுதிக் குடுக்கப் போறோம், நாளைக்குப் பத்திரம், அதுக்கு இது வேணுமாம்" என்றார். அறிக்கையை என் பக்கம் நீட்டினார்.

அறிக்கையின் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டைப் புரட்டினேன். குறிப்புக் கட்டத்தில் என் எழுத்து: 'உப்புச் சாக்கு. அடியில் ஈரம்.' தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணாச்சி, மண்ணை உப்புச் சாக்குலயா கொண்டு வந்தீய?"

"எம் பொஞ்சாதி உப்பளத்து வேலைக்குப் போறா. எங்க வீட்டுல வேற என்ன சாக்கும்மா இருக்கும்?"

சாக்கிலிருந்த உப்புக்கு நிலம் பழி சுமக்கிறது! எழுதியதை அன்றே வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தது என் தப்புதான்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிய அறிக்கையை மாற்ற முடியாது என்றார். உன் வேலை தற்காலிகம், ஞாபகம் இருக்கட்டும் என்றும் சொன்னார். ஆனாலும் பதிவேட்டை அவர் மேஜையில் விரித்து வைத்துவிட்டு நகராமல் நின்றேன். அந்த ஒரு வரியை அவர் இரண்டு முறை வாசித்தார்.

"புதுசா மண் எடுத்துட்டு வரச் சொல்லு. துணிப் பையில" என்றார்.

வெளியே ஓடிவந்து, "பத்திரத்தைத் தள்ளிப் போடுங்க அண்ணாச்சி, அவசரப்பட்டுராதீய" என்றேன். ஆபீஸிலிருந்த புதுத் துணிப் பையைக் கொடுத்து, நிலத்தில் எங்கெங்கே மண் எடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது முடிவு வந்தது. உப்பு சாதாரண அளவுதான், சத்துதான் குறைவு. உரம் போட்டால் சரியாகிவிடும். அதை வாங்க அவர் மனைவியும் வந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஏளா, எங்க நிலத்துக்கு வந்த கெட்ட பேரைத் தொடச்சிட்டியே" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதிகாரி ஒரு வார்த்தை பாராட்டவில்லை. மறுநாள் பதிவேட்டைத் திறந்தால், சிவப்பு மையில் அவர் கையாலேயே புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்: 'மண் வந்த பை.'

பிறகு வேறு எத்தனையோ வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் ஒரு குடும்பம் தன் நிலத்தைவிட்டுப் போகாமல் நிறுத்தியது என் எழுத்து என்ற கர்வம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.