கீழ்க்குரல் வரிசையில் எங்கள் அண்ணி

எங்கள் அண்ணி போனை எடுத்து 'ஹலோ' என்றால், எதிர்முனையில் இருப்பவர் யாராக இருந்தாலும் அடுத்த வார்த்தை 'சார்' என்றுதான் வரும். கூரியர்க்காரர், வங்கியில் பேசும் பெண், பிள்ளையின் பள்ளிக்கூடம் என எல்லோருக்கும் அவர் சார்தான். முதலில் திருத்திப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். "சார்னே இருக்கட்டும். வேலை சீக்கிரம் முடியுது" என்பார்.

அவ்வளவு கனத்த குரல். ஆறாம் வகுப்பில் பள்ளி விழாவில் பாடுவதற்காக வரிசையில் நிற்கவைத்தபோது, பாட்டு டீச்சர் அவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணியும் அசைத்திருக்கிறார். இதை எங்களிடம் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த முதல் பதினாலு வருஷத்தில், குளியலறையில்கூட அவர் ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை. நான் அதே வீட்டு மாடியில் இருப்பவள். கேட்காமல் இருக்க வழியில்லை.

இப்போது ஐந்து வருஷமாகப் பாடுகிறார். நான் சொல்ல வந்தது அந்த முதல் வருஷத்துக் கதை.

அண்ணிக்கு வேலை ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய தீம் பார்க்கில். ராட்டினமும் நீர்ச்சறுக்கும் இருக்கும் பக்கத்தில் இல்லை. பின்வாசல் வழியாகப் போனால் வரும் சலவைக்கூடத்தில். பார்க்குக்குள் கரடியாகவும் முயலாகவும் வேஷம் போட்டுக்கொண்டு குழந்தைகளுக்குக் கை கொடுத்துத் திரிகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் கழற்றிப் போடும் உடைகளெல்லாம் அங்கேதான் வந்து சேரும். உடம்பு உடையை மெஷினில் போட்டுவிடலாம். தலையைப் போட முடியாது. உள்ளே பஞ்சு ஊறி, நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். அதனால் ஒவ்வொரு தலையையும் கவிழ்த்து, உள்பக்கம் மருந்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சின்ன ஃபேனை உள்ளே திருப்பி வைத்துக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் அண்ணி தன் தலையை அதற்குள் விட்டு மோந்து பார்ப்பார். துளி வாடை இருந்தாலும் திரும்ப முதலிலிருந்து. "இதுக்குள்ள ஒரு ஆளு நாலு மணி நேரம் மூச்சு விடணும்ல" என்பார். அங்கே எல்லோரும் அவரைக் 'கரடியம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணிக்கு அந்தப் பெயரில் வருத்தம் கிடையாது.

ஒவ்வொரு வருஷமும் ஆண்டுக் கடைசி விடுமுறையில் அந்தப் பார்க்கில் ஒரு சேர்ந்திசை நிகழ்ச்சி நடக்கும். பாடுகிறவர்கள் நூற்று இருபது பேர். எல்லோரும் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். டிக்கெட் கிழிப்பவர்கள், ராட்டினம் இயக்குபவர்கள், காவலாளிகள், தோட்டக்காரர்கள், ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள். சொல்லிக் கொடுக்க மட்டும் வெளியிலிருந்து ஒரு மாஸ்டர் வருவார். கையில் எப்போதும் ஒரு மெல்லிய குச்சி இருப்பதால் அவர் 'குச்சி மாஸ்டர்'.

நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பாடகர்கள் போட்டுக்கொள்ளும் பச்சை அங்கிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சலவைக்கு அனுப்பினார்கள். அவை எப்போது கிடைக்கும் என்று கேட்கத்தான் மாஸ்டர் போன் செய்தார். அண்ணிதான் எடுத்தார்.

"சலவைங்களா? அங்கியெல்லாம் எப்ப சார் ரெடியாகும்?"

"வெள்ளிக்கிழமை காலைல வாங்கிக்கலாம். கழுத்துப் பட்டை மட்டும் இன்னொரு தடவை இஸ்திரி போடணும்."

மாஸ்டர் அங்கியை மறந்துவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாடுவீங்களா? ஆம்பளைங்க வரிசைல ரெண்டு ஆள் குறையுது."

"நான் சார் இல்லீங்க. மேடம்."

"அய்யய்யோ!"

"பரவால்ல, பழகிப்போச்சு."

"நான் அதுக்கு அய்யய்யோ சொல்லலீங்க. பொம்பளைங்க கீழ்க்குரல் வரிசைல நாலு ஆள் குறையுது. உங்களைப் போயி ஆம்பளைங்க பக்கம் கூப்பிட்டுட்டேனே!"

அண்ணி முடியாது என்று போனை வைத்துவிட்டார். மாஸ்டர் விடவில்லை. மறுநாள் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டார். கவிழ்த்து வைத்த நாற்பது மிருகத் தலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி ஒரு 'ஆ' சொல்லுங்க" என்றார். ஆளைக் கிளப்பினால் போதும் என்று அண்ணியும் ஒரு 'ஆ' சொன்னார். "இன்னும் கீழ" என்றார். சொன்னார். "இன்னும் கீழ." சொன்னார். ஃபேன் சத்தத்தோடு சத்தமாக அது போய்க்கொண்டே இருந்ததாம். கடைசியில் அண்ணி, பள்ளிக்கூடத்தில் வாயை மட்டும் அசைக்கச் சொன்ன கதையைச் சொல்லி மறுபடி மறுத்திருக்கிறார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "அவங்க உங்களுக்கு ஏத்த மாதிரி சுதியை இறக்கியிருக்கணும்மா. தப்பு சுதியில. உங்க தொண்டையில இல்ல" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அண்ணி காபியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். "என்ன அண்ணி?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நாளையிலேருந்து காலைல ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சேர்ந்திசையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவதில்லை. நாலு வரிசை, நாலு மெட்டு. நான்கும் சேர்ந்தால்தான் பாட்டு. நாம் கேட்டு ரசிக்கும் இனிமையான மெட்டு மேல்குரல்காரர்களுக்குப் போய்விடும். அண்ணியின் வரிசைக்கு வருவது அடியில் ஓடுகிற மெட்டு. தனியாகக் கேட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அண்ணி அதைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, துணி மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் கூடவே பாடிப் பழகினார். பதினாலு வருஷம் பொத்தி வைத்த குரல் இப்போது காலை ஐந்தரைக்கே வீடு முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, இது என்ன பாட்டு? கிளம்புன எடத்துலயே நிக்குதே?" என்று கேட்டார் என் அம்மா.

"என் வரிசைக்கு அவ்ளோதான் அத்தை."

என் அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவன் பங்குக்கு, "நம்ம கம்ப்ரஸர்தான் போகப்போகுதுன்னு காலைல எந்திரிச்சு வந்து பாத்தேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன். அண்ணியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

நிகழ்ச்சி நாளன்று பாடகர்களின் குடும்பத்துக்கு முன்பக்கம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் நாலு பேர் போனோம்: அம்மா, அண்ணன், அண்ணன் மகள், நான். மாலை நாலு மணி. செயற்கை ஏரிக்கரையில் திறந்தவெளி மேடை. தூரத்தில் ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்குகிறவர்களின் அலறல் விட்டுவிட்டுக் கேட்டது. உட்கார இடமில்லாமல் ஜனம் புல்தரை வரைக்கும் நின்றது.

அவர்கள் வரிசையாக வந்து படிமேடையில் ஏறினார்கள். நூற்று இருபது பச்சை அங்கி. ஒன்றில்கூடச் சுருக்கம் இல்லை. யார் கைவேலை என்று எனக்குத் தெரியும். மூன்றாவது படியில், இடப்பக்க ஓரத்திலிருந்து நாலாவது ஆளாக அண்ணி நின்றார். "அம்மா! அம்மா!" என்று கத்திய மகளின் வாயை அண்ணன் பொத்தினான். அண்ணி எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. குச்சியை மட்டும் பார்த்தார்.

முதல் பாட்டு தொடங்கியதும் நான் அண்ணியின் குரலைத் தேடினேன். கிடைக்கவில்லை. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இவ குரல் எதுடி?" என்றார், என்னவோ கண்ணாடியைத் துடைத்தால் காது நன்றாகக் கேட்கும் என்பதுபோல. அண்ணன் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது பாட்டில், மேல்குரல்கள் எங்கோ உயரத்துக்குப் போய் நின்ற ஒரு கணத்தில், அடியில் ஒரு ரீங்காரம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணி மடிக்கும்போது வருகிற அதே சத்தம்! வீட்டில் எங்கேயும் போகாமல் நின்ற அந்த மெட்டின் மேல் இங்கே மூன்று வரிசை ஏறி நின்றுகொண்டிருந்தது. அது நகராமல் இருந்ததால்தான் மற்றவை அத்தனை உயரம் போக முடிந்தது. அண்ணனின் தோளைத் தட்டினேன். அவன் "கேக்குது, கேக்குது" என்றான். படம் எடுப்பதை நிறுத்தியிருந்தான்.

ஐந்தாவது பாட்டுக்கு முன்னால்தான் அண்ணி ஒரு மாதிரியாக நிற்பதைக் கவனித்தேன். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து, பக்கத்தில் நின்ற உயரமான பெண்ணின் மேல் தோள் உரச நின்றார். எல்லோரும் கையில் விரித்த பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தை ஒரே நேரத்தில் புரட்டினார்கள். அண்ணி புரட்டவில்லை.

"என்ன இவ, இப்படிச் சாஞ்சு நிக்கிறா?" என்றான் அண்ணன்.

"கால் வலிக்குதோ என்னவோ."

"புக்கையும் புரட்ட மாட்டேங்கிறா. எல்லாம் மறந்துபோச்சு போல. அய்யோ, நேரா நில்லேன்!"

அந்தப் பாட்டுக்கு வாத்தியமே கிடையாது. வெறும் குரல்கள் மட்டும், அதுவும் மிக மெல்ல. தூரமாய்ப் போனவர்கள் விடுமுறைக்கு வீடு திரும்புவதைப் பற்றிய பாட்டு. ராட்டினத்தைக்கூட நிறுத்திவிட்டார்களோ என்று தோன்றுமளவுக்கு அமைதி. என்னால் பாட்டில் மனம் வைக்க முடியவில்லை. அண்ணி சாய்ந்து நிற்பது மட்டுமே கண்ணில் பட்டது. முன்வரிசையில் யாரோ அதைக் காட்டிச் சிரித்ததுபோலக்கூட இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பாட்டு முடிந்தது. கைதட்டல் நிற்பதற்குள் அடுத்த பாட்டு தொடங்கியது. அதுவும் முடிந்து, கூட்டம் எழுந்து நின்று தட்டியபோது, படிமேடைக்குப் பின்னாலிருந்து இரண்டு காவலாளிகள் கை நீட்டி அந்த உயரமான பெண்ணை மெல்லப் பின்பக்கமாக இறக்கினார்கள். அவள் கால்கள் துணிபோலத் துவண்டிருந்தன. அண்ணி நேராக நிமிர்ந்தார். வலக்கையால் புத்தகத்தின் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார். கடைசிப் பாட்டைப் பாடினார். இடக்கை அங்கிக்குள்ளேயே தொங்கியது.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் போனோம். அந்த உயரமான பெண் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். காலையிலிருந்து பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. கனத்த அங்கி, மாலை வெயில். நாலாவது பாட்டு முடியும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அண்ணி தன் அங்கியின் அகலமான கைப்பகுதிக்குள்ளிருந்து இடக்கையை நீட்டி அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டு முழுப் பாட்டுக்கு அவளுடைய மொத்தக் கனத்தையும் தாங்கி நின்றிருக்கிறார். பக்கம் புரட்டக் கை இல்லாததால் மனப்பாடமாகப் பாடியிருக்கிறார். பாட்டுகளுக்கு நடுவில் கிடைத்த நொடியில், பின்படியில் இருந்தவரிடம் ஆள் வரச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்.

குச்சி மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் பாத்துட்டேம்மா. பயந்துட்டேன். ஆனா உங்க வரிசையில சுதி ஒரு நூல் இறங்கல" என்றார்.

அண்ணன் குறுக்கே வந்தான். "ஏன், அவளை உடனே இறக்கிவிட்டிருக்கலாம்ல? நீ எதுக்குத் தாங்கணும்?"

"அது மெல்லப் பாடுற பாட்டுங்க. நடுவுல அசைஞ்சா மொத்த வரிசையும் கலைஞ்சிடும். விட்டா மூணு பேரை இழுத்துக்கிட்டு கீழ விழுவா. மண்ணுல விழுந்த அங்கியெல்லாம் அப்புறம் யாரு துவைக்கிறது? நான்தானே?"

நாற்காலியில் இருந்த பெண் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். "அக்கா காதுல பாடிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல, அந்தச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றாள்.

அம்மாவுக்கு ஒரு குறை பாக்கி இருந்தது. "எல்லாம் சரிம்மா. உன் குரல் மட்டும் தனியா எனக்குக் கேக்கவே இல்லையே."

"கேக்கக் கூடாது அத்தை. தனியா கேட்டுச்சுன்னா நான் தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்."

இதைச் சொல்லும்போது அண்ணியின் முகத்தில் இருந்த நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதினாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவரை எனக்குச் சரியாகத் தெரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கீழே இறங்கி வந்தேன். அண்ணியால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. வேலைக்கு லீவு போடவும் மனசில்லை. முயல் தலைகள் இரண்டு ஈரத்தோடு கிடக்கின்றனவாம். கூடத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க, அண்ணன் பின்னால் நின்று சீப்பும் கையுமாகப் போராடிக்கொண்டிருந்தான். கம்ப்ரஸர் கழற்றிப் பழகிய கை. பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

"கோணலா இருக்கா?" என்று கேட்டார் அண்ணி.

"இல்லையே, நேராத்தான் இருக்கு" என்றான் அண்ணன், என்னைப் பார்த்து வாயைத் திறக்காதே என்று கண் காட்டியபடி.

அண்ணி பின்னலைத் தடவிப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, அந்தக் கோணல் பின்னலோடேயே பஸ்ஸுக்கு நடந்தார்.