கிளி விரட்டிய விண்

திருகோணமலையில் இன்று எந்தக் கோயில் திருவிழா என்றாலும் ஒலிபெருக்கி என்னுடையதுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பெரிய படிப்புப் படித்தவர்கள் என் கடைக்கு வந்து, "மைக் கூவுது அன்ரி, என்ன செய்யிறது?" என்று கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு ஒலியைப் பற்றி ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. கட்டைபறிச்சான் வயலில் கிளிகள்தான் சொல்லித் தந்தன.

நான் சிறுமியாக இருந்த ஒரு சிறுபோகத்தில், நெற்கதிர் முற்றிய நேரம் பார்த்து வெருகல் முருகன் கோயில் திருவிழாவும் வந்தது. வீட்டில் எல்லோரும் போகலாம். கதிரைக் கிளி தின்னாமல் பார்க்க மட்டும் ஒருவர் வயலில் நிற்க வேண்டும். முந்திய வருடம் அண்ணா நின்றான். இந்த முறை நான்.

அழுது பார்த்தேன், பலிக்கவில்லை. அண்ணாவின் பட்டத்திலிருந்து விண்ணைக் கழற்றினேன். வில்லாக வளைத்த மூங்கிலில் இழுத்துக் கட்டிய பனையோலை நார்தான் விண். பட்டம் ஏறினால் காற்றில் கூவும். அதைக் கம்பில் கட்டி வரம்பில் நட்டேன். கச்சான் காற்று அள்ளி வீசியது. விண் வண்டுபோல முனகியதே தவிர, கிளிகள் தலைகூடத் தூக்கவில்லை.

"உன்ர விண் கிளியளுக்குத் தாலாட்டுப் பாடுதடி!" அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நாரை இன்னும் இழுத்துக் கட்டினேன், குரல் கூர்ந்தது. நகத்தால் கிழித்து ஒடுக்கினேன், இன்னும் கூர்ந்தது. ஆனாலும் சத்தம் தூரம் போகவில்லை. வில்லின் முதுகை ஒரு வெறும் மண்ணெண்ணெய்த் தகரத்தோடு சேர்த்து இறுக்கினேன். அவ்வளவுதான், தகரமே அலறியது! கிளிக்கூட்டம் பச்சைப் பாயை உதறியதுபோல எழும்பிப் பக்கத்து வயலுக்குப் போனது. பக்கத்து வயல்காரர் ஏசியது தனிக் கதை.

அப்பா வந்து தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் விரல் அதிர்ந்தது.

"இனி நானும் வரலாமோ, அப்பா?"

அவர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "ஓம் பிள்ளை. இது பாத்துக்கொள்ளும். நீ வெளிக்கிடு."

தனக்கு வாய்க்காலில் வேலை கிடக்கிறது என்று அவர் மட்டும் வரவில்லை.

மாட்டு வண்டியில் போன வழியெல்லாம் அண்ணாவை நான் வாய் திறக்க விடவில்லை. வெருகலில் ஒரே புழுக்கம். கொடிச்சீலைகள் அசையாமல் தொங்கின. சனமெல்லாம் முந்தானையாலும் சால்வையாலும் விசிறிக்கொண்டு நின்றது. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? ஊரே திரும்பிப் பார்க்க அரோகரா போட்டேன்.

திரும்பி வந்ததும் வயலுக்குத்தான் ஓடினேன். கதிர்கள் வைத்தது வைத்தபடி தலை சாய்ந்து நின்றன.

"பாத்தீங்களோ அப்பா! என்ர விண்!"

அப்பா சிரித்து, "ஓம்" என்றார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. தொண்டை அடியோடு கட்டியிருந்தது.

"வாய்க்கால் தண்ணியைக் குடிச்சிருப்பார்" என்று அம்மா கொத்தமல்லி அவிக்கப் போனார்.

காற்று விழுந்தால் விண் கூவாது என்றோ, பிறகு கிளியை யார் விரட்டியிருப்பார் என்றோ அன்று எனக்குத் தோன்றவே இல்லை. என் தகரத்தின் பெருமையை வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். சொன்ன இடத்திலெல்லாம் அப்பா பக்கத்தில் நின்று, வாய் திறக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.